மூன்றாம் தண்ணீர் வரைக்கும்

இன்று காலை மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் பிடித்து, மஞ்சளும் ஒரு கைப்பிடி வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்துவிட்டு இறங்கினேன். பத்து மணிக்குள் அந்த வாசனை படிக்கட்டு வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. பேத்திக்கு அம்மை போட்டு இன்றைக்கு ஏழாவது நாள். டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், மேலே தடவ ரோஸ் நிறத்தில் ஒரு மருந்தும் கொடுத்திருக்கிறார். ஆனாலும் அம்மை இறங்கினதும் மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது உங்கள் பாடு என்று மருமகள் என்னிடம் விட்டுவிட்டாள்.

கீழே வந்து பார்த்தால், என் மகன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவளுடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கிறான். சொறியாதே, எங்கே அரிக்கிறது என்று காட்டு, ஊதிவிடுகிறேன் என்கிறான். ஐம்பதை நெருங்குகிற ஆள். இதை எங்கேடா கற்றாய் என்று கேட்டேன். தெரியவில்லையே அம்மா, ஊதினால் இதமாக இருக்கும் இல்லையா என்றான். எனக்குத் தெரியும். அது அவன் சித்தி நீ ஊதியது. அப்போது அவனுக்கு மூன்று வயது, அந்த வயதில் பார்த்த உன் முகம்கூட அவனுக்கு நினைவில் இல்லை. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தவளுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? பேர் சொல்லிக்கூட நான் உன்னைக் கூப்பிட்டதில்லை, எல்லாவற்றுக்கும் 'ஏண்டி'தான். என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு பழையசீவரத்திலிருந்து நீ வந்தபோது உனக்குப் பதினெட்டு வயது. உன் வீட்டுக்காரர் மெட்ராஸில் மில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தரம்தான் வருவார். மாமியார் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். உத்திரமேரூரில் அந்த வீட்டில் பெண் என்று இருந்தது நாம் இரண்டு பேர்தான். மூத்தவள் என்ற அதிகாரத்தை நான் கொஞ்சமும் வீணாக்கவில்லை.

நீ வந்து இரண்டாவது வருஷம், எழுபதுகளின் கடைசி, பங்குனி வெயிலில் என் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து அம்மையைக் கொண்டுவந்தாள். அவளுக்கு லேசாக வந்து போனது. அவளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த கையோடு சின்னவனுக்குக் கண்டது. அவனுக்கு உடம்பு பூராவும் முத்து, வாய்க்குள், கண் இமையில், எங்கும் இடமில்லை. வாசலில் செருகிய வேப்பிலையை எடுக்காமல் அப்படியே புதுசு செருகினேன். என் வீட்டுக்காரர் மோட்டார் கொட்டகையில் படுக்கப் போய்விட்டார். தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, வீட்டிலிருந்து ஒரு பொருளும் வெளியே தரக் கூடாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் ஆத்தா கோபித்துக்கொள்வாள் என்று உன்னை மிரட்டி வைத்திருந்தேன். சட்டமெல்லாம் என்னுடையது. வேலையெல்லாம் உன்னுடையது.

உனக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து போய்விட்டதால் பயமில்லாமல் அவன் பக்கத்திலேயே கிடந்தாய். பழைய வேட்டியைக் கிழித்து விரித்து அதன்மேல் வேப்பங்கொழுந்தைப் பரப்பினாய். நகம் வெட்டக் கூடாது என்று நான் சொன்னதால் அவனுடைய இரண்டு கையிலும் துணியைச் சுற்றிக் கட்டினாய். அவன் கத்தின கத்தலுக்கு, இது உறையில்லை, கரடி கை என்று சொல்லி நீயும் உன் கையில் சுற்றிக்கொண்டாய். அதற்குப் பிறகு அவன் அதை அவிழ்க்கவே விடவில்லை. இளநீரைப் பஞ்சில் நனைத்து நனைத்து உதட்டில் பிழிந்தாய். கேழ்வரகுக் கூழை மோரில் கரைத்து, விரலால் தொட்டுத் தொட்டு ஊட்டினாய். அரிப்புக்கு வேப்பிலையால் நான் தடவினால் அலறுவான், நீ தடவினால் கண்ணை மூடிக்கொள்வான். அதுவும் போதாதபோதுதான் ஊதுவாய். தலை சுற்றுகிறது அக்கா என்று ஒருநாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய், இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் ஊதினாய். பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன், அவன் "சித்தி, இங்க" என்று உன்னிடம்தான் முழங்காலைக் காட்டுகிறான். எனக்கு அப்போது பொறாமைகூட வரவில்லை. அவ்வளவு களைத்திருந்தேன்.

இனி எழுத வேண்டியது வந்துவிட்டது. இவ்வளவு நேரம் கூழையும் இளநீரையும் எழுதி ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

சின்னவனுக்கு முதல் தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தின நாள் காலை, தெருவில் சைக்கிள் மணி அடித்தது. எட்டிப் பார்த்தேன். உன் பெரியப்பா மகன். வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டுத் தெருவோடு நின்றுவிட்டான். நான் இறங்கிப் போனேன். சித்தி தவறிட்டாங்க, விடிகாலையில மூச்சு நின்னுபோச்சி, சாயங்காலம் எடுக்குறோம் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். உன் அம்மா. உன்னை வெளியே அழைத்துச் சொல்லவா என்று அவன் கேட்கவில்லை. அம்மை வீட்டுக்குள் சாவுச் சேதி போகக் கூடாது என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் என்னைப் பார்த்தான். நீங்களே சொல்லிடுங்க என்று அந்தப் பார்வையில் இருந்தது. பத்து மணிக்கு பஸ் இருந்தது. நீ போயிருந்தால் மத்தியானத்துக்குள் உன் அம்மாவின் தலைமாட்டில் இருந்திருப்பாய்.

அங்கே நின்றபடி நான் போட்ட கணக்கை இன்றைக்கு உன்னிடம் சொல்கிறேன். சாவு வீட்டுக்குப் போனவள் பதினாறு நாளைக்கு இந்த வாசல் மிதிக்க முடியாது. பதினாறு நாள் நான் தனியாக என்ன செய்வேன்? அதுதான் என் மனதில் முதலில் வந்தது. ஆத்தா அதற்குப் பிறகுதான் வந்தாள். அந்தப் பையனிடம், தண்ணீர் ஊற்றின பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன், நீ போ என்று அனுப்பிவிட்டேன்.

உள்ளே வந்தேன். நீ சின்னவனை மடியில் போட்டுக்கொண்டிருந்தாய்.

"யாருக்கா வந்தது?"

"நெல்லு வியாபாரி ஆளு."

நீ தலையாட்டிவிட்டு அவனுக்குக் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாய்.

என் வீட்டுக்காரருக்கு அன்று மத்தியானமே விஷயம் தெரிந்துவிட்டது. என்னை வரப்புக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் அதிகம் பேசுகிற ஆளில்லை. "சொல்லிடு. அது அவங்கம்மா" என்றார். மூன்றாம் தண்ணீர் ஆகட்டும், இப்போது சொன்னால் பிள்ளைக்கு ஆகாது என்றேன். பிள்ளை என்றதும் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சொல்லுக்கு யாரும் எதிர்ச்சொல் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்.

அடுத்த ஆறு நாளும் உன் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்யப் பழகிக்கொண்டேன். நீ ஒன்றும் கவனித்ததாகத் தெரியவில்லை. முத்து இறங்க ஆரம்பித்ததில் உனக்கு அத்தனை குஷி. காய்ந்ததை எல்லாம் அவனோடு சேர்ந்து எண்ணுவாய், அவனுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது, மூன்று மூன்றாக எண்ணி ஊர்ப்பட்ட கணக்கு சொல்வீர்கள். இரண்டாம் தண்ணீர் ஊற்றின அன்று, அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாய்: "தண்ணி ஊத்தி முடிச்சதும் ஒரு எட்டு ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வந்துடுறேன்க்கா. போன தபா மூச்சு வாங்கிக்கினு கீது." போய்விட்டு வா என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிக் கூழ் வார்த்து, வேப்பிலையை எடுத்த பிறகுதான் சொன்னேன். நீ தலைக்குக் குளித்து ஈரத்தோடு நின்றாய். நான் எத்தனையோ விதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், கடைசியில் மொட்டையாகத்தான் சொல்ல முடிந்தது. எப்போது என்று கேட்டாய். ஆறு நாளாகிறது என்றேன்.

"நெல்லு வியாபாரி ஆளுன்னியே."

அவ்வளவுதான். நீ என்னை ஒருமையில் பேசியது அந்த ஒரு தரம்தான். மாற்றுப் புடவை ஒன்றைப் பையில் திணித்துக்கொண்டு, தலையைக்கூடத் துவட்டாமல் பஸ்ஸுக்குப் போனாய். சின்னவன் சித்தி சித்தி என்று வாசல் வரைக்கும் ஓடினான். நீ திரும்பி வந்து அவன் கையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுப் போனாய்.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஊரில் எல்லாரும் சரியாகத்தான் செய்தாய் என்றார்கள். கொழுந்தனார் மெட்ராஸிலிருந்து வந்து, அண்ணி செய்ததுதான் முறை என்று உன் எதிரிலேயே சொன்னார். உன் அண்ணன்கூட ஒத்துக்கொண்டாராம். அத்தனை பேர் சேர்ந்து என் பக்கம் நின்றதால் நீ கோபப்படுவதற்குக்கூட இடமில்லாமல் போனது. நீ திரும்பி வந்தாய், அடுப்பு மூட்டினாய், பழையபடி அக்கா என்றாய். உனக்குப் பையன் பிறந்தபோது அவனை முதலில் என் கையில்தான் கொடுத்தாய். நானும் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, அவள் மறந்துவிட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பத்து வருஷம் கழிந்திருக்கும். நாம் இரண்டு பேரும் முற்றத்தில் உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தெருவில் யார் வீட்டிலோ அம்மை, வேப்பிலை செருகியிருக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. கையில் இருந்த புளியங்கொட்டையைக் கூடையில் போட்டுவிட்டு நீ சொன்னாய்: "அன்னிக்கி சொல்லிட்டு, இருடின்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் இருந்திருப்பேனோ இன்னாவோ. பையன் கெடந்த கெடப்புக்கு இருந்திருப்பேன்னுதான் தோணுது. அத என்னாண்ட உட்டிருக்கலாம்க்கா." அதற்குள் நடவுக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள், நீ எழுந்து போய்விட்டாய். நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. மறுநாள் கேட்கலாம் என்று இருந்தேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் நமக்கு நேரம் இருந்தது, நான் கேட்கவில்லை. மூத்தவள் எப்படிக் கேட்பது என்ற வீம்புதான், வேறு என்ன?

போன ஆடியில் நீ போனபோது நான் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். சேதி காலையிலேயே வந்துவிட்டது, இந்தக் காலத்தில் சேதியை யாரும் மறைத்து வைக்க முடியாது. கார் பிடித்துக் கிளம்பினோம். வழியில் மழை, வாலாஜாவைத் தாண்டுவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. எடுத்திருப்பார்கள், நியாயம்தான், எனக்கு வேண்டியதுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். அப்படி நினைத்ததில் ஒருவிதத்தில் மனசு லேசாகக்கூட இருந்தது.

தெருவில் திரும்பினால் பந்தல் அப்படியே இருக்கிறது. பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள், பொழுது போகிறது, மழை வேறு வருகிறது. உன் மகன் தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தான். என்னைக் கண்டதும் வந்து கையைப் பிடித்தான். "பெரியம்மா வந்து மூஞ்சப் பாத்தப்புறம்தான் எடுக்கணும்னு அம்மா சொல்லிக்கினே இருந்திச்சி" என்றான்.

உன் தலைமாட்டில் என்னை உட்காரவைத்து எல்லாரும் ஒதுங்கிக்கொண்டார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பார்த்தேன், வேண்டுமட்டும் பார்த்தேன். நெற்றியில் அந்தப் பழைய அம்மைத் தழும்பு ஒன்று இருந்தது, அத்தனை வருஷமும் பொட்டுக்கு மேலே அது இருந்ததை நான் கவனித்ததில்லை. உன் அம்மாவை நீ கடைசியாக எப்போது பார்த்தாய், அன்றைக்கு அவர் உன்னிடம் என்ன பேசினார் என்று உன்னிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனி யாரிடம் கேட்பேன்?