சபையில் வைத்த இத்தாலிப் பாண்

1996 ஓகஸ்ட் 11, ஞாயிறு

இன்று என் மகள் நஸ்லியாவைப் பெண்பார்க்க மருதமுனையிலிருந்து வந்தார்கள். காலையிலேயே இத்தாலிப் பாணுக்கு மாவைப் பிசைந்து புளிக்க வைத்தேன். குவைத்தில் நான் வேலை செய்த வீட்டு இத்தாலிக்காரி செய்வதுபோல மாவை விரலால் குழிகுழியாக அழுத்தி, எண்ணெய் விட்டு, உள்ளிப்பூண்டும் உப்பும் தூவினேன். வீட்டில் பாண் சுடும் போறணை அடுப்பு இல்லை. சட்டியில் மூடி, மேலும் கீழும் தணல் போட்டேன்.

என்னுடன் பிறந்த ராத்தா பயந்துவிட்டார். "அவங்கட முன்னால இத வைக்காத புள்ள. எங்க பழகினாய் எண்டு கேட்டா என்ன சொல்லுவாய்? குவைத்துக்கு வேலைக்குப் போன பொம்புளையெண்டா ஊர் ஒரு மாதிரிக் கதைக்கும்."

வைத்தேன். மாப்பிள்ளையின் உம்மா ஒரு துண்டைக் கடித்தார். "நல்லா இரிக்கி. எங்க பழகினீங்க?"

"குவைத்துல. வீட்டு வேலைக்குப் போயிருந்தன்."

கடித்த துண்டை அப்படியே பீரிசுத் தட்டில் வைத்துவிட்டார். சற்று நேரம் சுவர்களைப் பார்த்தார். "சீதனத்துக்கு இந்த வீடுதானே?"

"ஓம். இதுவும் குவைத் சம்பளத்துல கட்டினதுதான். பாண் வேணாமெண்டா வீடும் வேணாம் எண்டு வைங்க."

எழுந்து போய்விட்டார்கள். ராத்தா அழுதார். இனி யார் கேட்டு வருவார்களோ, தெரியாது. நஸ்லியாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவள் மிச்சப் பாணைத் தட்டில் அடுக்கிக்கொண்டு அயல் வீடுகளுக்குப் போனாள். "எங்கட உம்மா சுட்டது. குவைத்துல வேலை செய்யக்குள்ள பழகினது" என்று வாசலுக்கு வாசல் அவள் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

நாளைக்கு எங்கள் ஒழுங்கை வீடுகள் முழுக்க இதே கதைதான். இருக்கட்டும்.