வெட்டிய பெயரும் வெட்டாத பெயரும்

செட்டிபாளையம்
சித்திரை, 2010

அன்பு மகன் உதயரூபனுக்கு அம்மா எழுதுவது. மாமாங்கேஸ்வரர் துணையால் நானும் அப்பாவும் சுகம், நீயும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறையவில்லை, சொன்னால் கேட்கிற ஆளா, வலையோடு வாவிக்குப் போய்விடுகிறார். சண்டை முடிந்து ஒரு வருடமாகப் போகிறது, ராவில் நாய் குரைத்தால் யாரோ வருகிறார்களென்று இன்னும் எழுந்து கதவைப் பார்க்கிறேன்.

நீங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய பெயர்ப் பதிவேடுகளைப் பார்த்து எண்ணும் வேலையை எனக்குத் தந்தார்கள். ஆறாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பதினோராம் தரத்துச் சாதாரண தரப் பரீட்சை வரை வந்தார்கள், அது வருடத்துக்கு வருடம் கூடுகிறதா குறைகிறதா என்று வலயக் கல்வி அலுவலகம் கேட்கிறது. கடைசி வகுப்பில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் முடித்த மாதிரித்தான் தெரியும், அதனால் சேர்ந்தவர்களிலிருந்து எண்ணச் சொன்னார்கள், அது நியாயம்தான். விடுகைப் பத்திரம் எடுத்து வேறு பள்ளிக்கூடம் போன பிள்ளையையும் இறந்த பிள்ளையையும் கழித்துவிட வேண்டும், பரீட்சைக்கு வராத மற்றவர்களெல்லாம் இடைவிலகல். 2004இல் சேர்ந்த வகுப்பு வந்தது, நம் வதனியின் வகுப்பு. சுனாமியில் போன மற்றப் பிள்ளைகளின் பெயர்களை அழுதுகொண்டாவது வெட்டினேன், உன் தங்கச்சியின் பெயரில் கோடு போடக் கை வரவில்லை. ஒரு பெயரால் என்ன குறைந்துவிடும் என்று விட்டுவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்படியானால் அவளை என்னவென்று எண்ணுவார்கள் என்று கேட்டார். இடைவிலகல் என்றேன். “அவள் படிப்ப விட்டுட்டுப் போனவளா? என்ட புள்ளைக்கு அப்படிப் பேர் வரப்படா, நீ வெட்டிடு” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் போய் வெட்டினேன். அவளைக் கழித்ததும் வீதம் கொஞ்சம் கூடியது.

உன் வகுப்பையும் எண்ணினேன் மகன். சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற பயத்தில் அவசரமாக உன்னைச் சுவிசுக்கு மாமாவிடம் அனுப்பினோமே, விடுகைப் பத்திரம் எடுக்க எங்கே நேரம், அதனால் நீயும் இடைவிலகல். உங்கள் வருடத்தில் பாதிப் பேர்கூடப் பரீட்சை எழுதவில்லை, வதனியின் வருடத்தில் எவ்வளவோ கூடிவிட்டது என்று அலுவலகத்தில் சந்தோஷப்படுகிறார்கள், படட்டும். கெட்டிக்காரப் பிள்ளை உனக்கு நேரே அந்தச் சொல்லை எழுதக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மட்டும்தான் அதை எழுதலாம் என்று நினைத்ததும் மனம் ஆறிவிட்டது.

அங்கே மாலை வகுப்பில் படிப்பை முடிப்பேன் என்றாயே, வேலைக் களைப்பென்று விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நெடுங்காலம் நன்றாக இருக்க வேண்டும். உன் பெயரை நான் வெட்டவில்லை மகன், அது அங்கேயே இருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
சீதேவிப்பிள்ளை