ஒன்பதாவது கேசட்டின் ஐந்தாவது பாட்டு

தகரப் பெட்டியின் மூடியைத் தூக்கியதும் ஏலக்காய் வாசம் கூடம் முழுக்கப் பரவிவிட்டது. நீ போய்ச் சேர்ந்து நாலு மாதமாகிறது. ஜீப்பில் ஏலக்காய் ஏற்றிய அந்தப் பெட்டியை நீ வீட்டில் இறக்கி வைத்துப் பல வருஷமாகிறது. வாசம் மட்டும் போகவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பாட்டுக் கேசட்டுன்னு சொன்னீங்க, காய் மூட்டையப் பிரிச்ச மாதிரி இருக்குதுங்க?" என்றாள். உன் மகள் ஜெனிபா சிரித்தாள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், இன்று மத்தியானம் பஸ் ஏறி வேலந்தாவளத்துக்கு வந்து இந்தப் பெட்டியை என் மடியில் வைத்தாள். "டேப்பு மாமாட்ட குடுத்துரணும்னு அப்பா சொல்லிருந்தாவ" என்றாள், நீ எனக்கு வைத்த பெயரைச் சொல்லி.

உள்ளே இருந்ததை உடனே எடுத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. துக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணம் உன்னிடம் நான் கடைசிவரை சொல்லாதது. அதை இந்த மடலில் எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்குள் பதினொரு கேசட்டுகள், எல்லாம் அந்த ஜெர்மன்காரப் பாட்டுக் குழுவின் ஆல்பங்கள். முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பச்சை மையில் நீ போட்ட எண்கள். போடிமெட்டு மலைப்பாதையில் ஏறும்போது பைக் நின்றுபோய்த் தவித்த அந்த வெள்ளைக்காரரை நீ ஜீப்பில் ஏற்றிவந்து மூன்று நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டாய். ஊருக்குப் போன மனுஷன் நன்றி மறக்கவில்லை. தன்னிடம் இருந்த இசைத்தட்டுகளை வெற்றுக் கேசட்டுகளில் பதிந்து, முதல் ஆல்பத்தில் தொடங்கி வரிசையாக, சில மாதங்களுக்கு ஒன்றாகத் தபாலில் அனுப்பினார். உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டுகளின் பெயரைத் தன் கையாலேயே எழுதியிருப்பார்.

பார்சல் வந்ததும் நேராகப் பூப்பாறையில் நான் வேலை பார்த்த ரெக்கார்டிங் கடைக்குத்தான் வருவாய். உனக்கு அதில் ஒரு முறை உண்டு. வந்த கேசட் வீட்டில் இருக்க வேண்டும், நான் எடுத்துத் தரும் நகல்தான் ஜீப்பில் ஓட வேண்டும். "டேப்பு கை பட்டா நாடா சிக்காதுல" என்று கடையில் நிற்பவர்களிடம் பெருமை பேசுவாய். எனக்கு அந்தப் பாட்டுகள் ஒன்றும் விளங்காது. டிரம்ஸ் அடிக்கிறவனுக்கு யார் மேலோ தீராத கோபம் என்று மட்டும் தெரியும். நீயோ ஒவ்வொரு ஆல்பத்தையும் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவாய். முதல் இரண்டும் முரடு, நாலாவதில் கிட்டார்காரன் மாறிவிட்டான், ஆறாவதில்தான் பாடகனுக்குத் தொண்டை திறந்தது. சும்மா இருக்க மாட்டாமல் ஒருநாள், நல்ல பாட்டாகப் பொறுக்கி ஒரே கேசட்டில் போட்டுத் தரட்டுமா என்று கேட்டுத் தொலைத்தேன். அப்படி முறைத்தாய். "ஆல்பம்னா அது ஒரு குடும்பம்டா. மூத்தவன் எடத்துல எளையவன உக்கார வைக்கப்பிடாது" என்றாய்.

தினமும் விடியும்போது போடிக்கு இறங்கி, ஏலத் தோட்டத்தில் காய் எடுக்க வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே வருவாய். அடிவாரத்தில் முந்தலில் கேசட்டைத் தள்ளினால், பாதி மலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தும்போது முதல் பக்கம் முடியும். திருப்பிப் போட்டால் போடிமெட்டில் அடுத்த பக்கமும் முடியும். முதல் வாரம் அந்தப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு உன்னை வைதார்கள். அடுத்த மாதம் அவர்களே பாட்டுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஓடுற பாட்டு, கல்லுடைக்குற பாட்டு, மாமியா பாட்டு. எந்த ஜெர்மன்காரனும் தன் பாட்டுக்கு இத்தனை பொருத்தமாகப் பெயர் வைத்திருக்க மாட்டான்.

இனி அந்த ஒன்பதாவது கேசட். பார்சலைப் பிரித்த கையோடு கொடுத்துவிட்டு, நீகூட ஒருமுறை கேட்காமல், சவாரி இருக்கிறதென்று ஓடிவிட்டாய். நம் கடையில் எந்தக் கேசட் வந்தாலும் முதல் வேலை, மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைப்பது. உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. எட்டு கேசட்டுக்கும் தவறாமல் செய்தவன், அன்று மறந்தேன். நாலு பாட்டு நகலாகியிருந்தது. அப்போது எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், மஸ்கட்டில் இருக்கும் மகனுக்குப் பேச்சுக் கேசட் அனுப்ப. கடிதம் எழுதத் தெரியாத தாய்மார் எல்லோரும் அன்று நம் கடைப் பின்னறையில் மைக் முன்னால் உட்கார்ந்துதான் பிள்ளைகளோடு பேசினார்கள். நான் நகலை நிறுத்தினேன், புதுக் கேசட்டைப் பிரித்து மேஜையில் வைத்தேன், மைக்கைச் செருகினேன், பொத்தானை அழுத்தினேன். புதுக் கேசட் மேஜையிலேயே இருந்தது.

அந்த அம்மா மகனிடம் மழையைச் சொன்னார், கிடாரி கன்று போட்டதைச் சொன்னார். "நேரத்துக்குச் சாப்புடுதியாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கம் தீர்ந்து பொத்தான் டக்கென்று எழும்பியது. புதுக் கேசட் நாலு நிமிஷத்தில் முடியாதே என்று பார்த்தேன். மெஷினுக்குள் இருந்தது வெள்ளைக்காரர் அனுப்பிய உன் கேசட். உன் ஐந்தாவது பாட்டின் மேல் அந்த அம்மாவின் மகன் சாப்பிட்டானா இல்லையா என்ற கேள்வி உட்கார்ந்திருந்தது.

அவரை மறுபடி பேசவைத்து அனுப்பிவிட்டு யோசித்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ அடித்திருக்க மாட்டாய், நாலு வார்த்தை வைதிருப்பாய், அவ்வளவுதான். ஆனால் என் கையைப் பற்றி நீ பேசிய பெருமை எல்லாம் நினைவுக்கு வந்தது. கடையில் எவனோ சுற்றுலாக்காரன் விட்டுப்போன கேசட் ஒன்று கிடந்தது. அதிலும் இதேபோல் ஒரு கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. எல்லாம் ஒரே இரைச்சல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று அதிலிருந்து ஒரு பாட்டை எடுத்து ஐந்தாவது இடத்தில் பதித்தேன். உன் ஜீப் நகலிலும் அதுவே ஏறியது. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் நான் என் ஆயுளில் செய்ததில்லை.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தாய். நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏலே, அஞ்சாவது பாட்டுல மட்டும் பாடுதவனுக்கு ஜலதோஷம்டா. மூக்கடைப்போட பாடிருக்கான். ஆனா என்னமா பாடிருக்கான் தெரியுமா!" என்றாய். நான் தலையாட்டினேன். ஜீப்பில் அதற்குச் சளிப் பாட்டு என்று பெயராயிற்று. "தம்பி, அந்தச் சளிப் பாட்டப் போடுங்க" என்று காய் எடுக்க வரும் பேச்சியக்கா அடிவாரத்திலேயே கேட்பார். ஆல்பத்தை வரிசை மாற்றிப் போட மாட்டேன் என்று அவரிடமும் முறைப்பாய்.

அத்தோடு போயிருந்தால் இந்த மடலே வேண்டியிருக்காது. நீ கொழுக்குமலைக்கு ஏற்றிப்போன இரண்டு ஜெர்மன் பையன்கள், சளிப் பாட்டு வந்ததும் சிரித்துவிட்டார்கள். இது இந்த ஆல்பத்தில் கிடையாது, இந்தக் குழுவே பாடியதில்லை என்றார்கள். நீ விடவில்லை. அவர்களை நேராகக் கடைக்கு இழுத்துவந்து என் முன்னால் நிறுத்தினாய். "டேப்பு, பதிஞ்சவன் நீ. சொல்லுடா இவனுவட்ட."

"கேசட்ல வந்ததே அதுதான்" என்றேன்.

அவர்களைப் பார்க்காமல், கேசட்டையும் பார்க்காமல், உன் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னேன். பையன்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம், "டீ குடிப்பமா?" என்றாய். அந்தக் கொஞ்ச நேரம்தான் இத்தனை வருஷமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. நண்பனைப் பிற நாட்டுக்காரன் முன்னால் முட்டாளாக்கிவிட்டு அவன் காசிலேயே டீயும் குடித்தேன்.

கடை மூடினார்கள். நான் மனைவியின் ஊரான இங்கே வந்து செல்போன் கடை வைத்தேன். நீ புதுப் போன் வாங்கியபோது எனக்குத் தூக்கம் போயிற்று. விரலை வைத்தால் எந்த ஆல்பமும் முழுசாக வந்து நிற்கிறதே. ஆனால் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. "இதுதான் கடேசின்னு சொல்லிட்டு மறுபடியும் ஒரு ஆல்பம் போட்டுருக்கானுவடா. கெழவனுவ அடங்க மாட்டானுவ" என்று சந்தோஷமாகக் கூப்பிடுவாய். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்து, ஜெனிபா எப்படி இருக்கிறாள் என்று கேட்டு வைத்துவிடுவேன். உன்னைக் கல்லறைத் தோட்டத்தில் இறக்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டு நின்றேன். இனி யாரிடம் சொல்வது?

இன்று ஒன்பதாவது கேசட்டை எடுத்து உள்ளட்டையை விரித்தேன். வெள்ளைக்காரரின் கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள். ஐந்தாவது பெயரின் மேல் ஒரு கோடு. பக்கத்தில், முதுகில் எண் போட்ட அதே பச்சை மையில் நீ எழுதியிருந்தாய்: "இது டேப்பு போட்ட பாட்டு. மாத்தக் கூடாது."

நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதைப் பார்த்து ஜெனிபா உன் போனை எடுத்து நீட்டினாள். அதில் அந்தக் குழுவின் ஆல்பங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்பதாவதில் மட்டும் ஐந்தாவது பாட்டை எடுத்துவிட்டு, எங்கிருந்தோ தேடிப் பிடித்து, அந்தச் சளிப் பாட்டைச் செருகியிருந்தாய். மூத்தவன் இடத்தில் அந்நியனையே உட்கார வைத்திருந்தாய்.

"ஏம்ப்பா இது மாறியிருக்குன்னு ஒருக்கா கேட்டேன் மாமா" என்றாள் உன் மகள். "ஒன் மாமா அன்னைக்குப் பயந்துட்டான், கேட்டா இன்னும் பயப்படுவான்னு சொன்னாவ. அதான் ஒங்ககிட்ட கேக்கவே இல்லயாம்."

அழுதேன். என் மனைவி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். துக்கமில்லை என்று அவளுக்குச் சொல்லி விளக்க முடியவில்லை. உன் சாவுக்குப் பிறகு இன்றுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்துபோகிறது. நீ ஏமாந்து போகவில்லை, தெரிந்தேதான் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறாய். எனக்கு அது போதும். ஆனாலும் முறைப்படி சொல்லிவிடுகிறேன்: உன் ஐந்தாவது பாட்டை அழித்தது நான்தான். அந்தப் பையன்கள் முன்னால் பொய் சொன்னதும் நான்தான். என்னை மன்னித்துவிடு, ஏற்கெனவே மன்னித்துவிட்டாய் என்று தெரிந்தாலும்.

ஜெனிபாவைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். கேசட்டை என் கடை மேஜையில் வைத்திருக்கிறேன். தடுப்பு இரண்டையும் உடைத்துவிட்டேன், இத்தனை வருஷம் கழித்து. போகும் முன் அவள், "அந்த நெசப் பாட்ட ஒருக்கா கேப்பமா மாமா?" என்றாள். நான் அழித்ததை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. போனில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு முந்தலிலிருந்து உன் ஜீப்பில் ஏறி, தண்ணீர் ஊற்றும் இடம்வரை முழுசாகக் கேட்டேன்.

நல்ல பாட்டுதான்டா. ஆனால் பாடுகிறவனுக்கு ஜலதோஷம் இல்லை.