என் சீட்டு, அவர்கள் மறைப்பு

ஜூலை 26
வாத்து வேட்டைக்கு ஆற்றில் ஒளிந்திருந்து சுடும் மறைப்பு யாருக்கு என்று முடிவுசெய்யும் குலுக்கல். ஆளுக்கு ஒரு சீட்டு என்பதால் ஊர் ஆண்கள் மனைவிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். என் கணவன் டாரன் என்னைக் கூட்டிப்போனான், அவன் நண்பன் கர்ட் தன் மனைவி ரோண்டாவை. கல்லூரியில் புள்ளியியல் நடத்தும் நான் இன்று ஓர் எண்ணிக்கை, அவ்வளவுதான். விழுந்தது என் பெயர். கர்ட் ஓடிவந்து கட்டிப்பிடித்தது டாரனை.

ஆகஸ்ட் 15
மறைப்பு எழும்பிவிட்டது, பீப்பாய்கள்மேல் மிதக்கும் ஒரு பலகைக் குடில். பன்றி இறைச்சி வறுக்க அடுப்புகூட உண்டு. திறப்பு மட்டும் வடமேற்கே பார்க்கிறது. படகைக் கட்ட வசதியாம். இந்த ஆற்றில் நவம்பர் காற்று வடமேற்கிலிருந்துதான் வரும். வாத்து காற்றை எதிர்த்து இறங்கும். நாம் காற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். சொன்னேன்.
"புரொபசரம்மா, வாத்து உங்க கிளாசுக்கு வந்து படிச்சிட்டா பறக்குது?" என்றான் கர்ட். எல்லோரும் சிரித்தார்கள். டாரனும்.

ஆகஸ்ட் 16
கர்ட் குடிலுக்குப் பளபளவென்று பச்சைச் சாயம் அடித்திருக்கிறான். நவம்பரில் சதுப்பில் பச்சையாக இருக்கப்போவது அது ஒன்றுதான்.

அக்டோபர் 30
நான்கு இருக்கை, நான்கு ஆண்கள். நான் எங்கே உட்காருவது என்று டாரனிடம் கேட்டேன்.
"குளிருல நீ எதுக்கு லொரீன்? வீட்ல கதகதப்பா இரேன்."
என் பேரு. என் சீட்டு. எனக்கு இடம் இல்லையாம்! இருபது வயசு வரைக்கும் வாத்து சுட்டவதானே நான் — மறந்துட்டானா, இல்ல நானே மறக்க விட்டுட்டேனா?

நவம்பர் 8
வேட்டையில் பூஜ்யம். வாத்துகள் கூரைக்கு மேலாகப் போய்த் திரும்பி, இவர்கள் முதுகுக்குப் பின்னால் நிதானமாக இறங்கினவாம். அடுப்புப் புகை வேறு நேரே கண்ணில். கர்ட்டின் ஆய்வு முடிவு: "இந்த வருஷம் வாத்தே சரியில்ல."

நவம்பர் 12
விதிப்புத்தகத்தை வாசித்தேன். சீட்டு யார் பெயரிலோ, மறைப்பில் அவர் சொல்வதுதான் செல்லும்.

நவம்பர் 14
மதியம் ரோண்டாவோடு படகில் போனேன். நான்கு நங்கூரக் கயிறுகளை அவிழ்த்து, குடிலை அப்படியே திருப்பி, மறுபடி கட்டினோம். பக்கத்திலேயே காய்ந்து நின்ற கோரையை அறுத்துப் பச்சையை மூடினோம். ரோண்டா சேற்றில் இடுப்புவரை இறங்கிவிட்டாள். "இவ்வளவுதானா விஷயம்? இதுக்கா மூணு வாரம் சுத்தியலும் கையுமா அலைஞ்சாங்க?"

நவம்பர் 15
கர்ட் போன் செய்தான். "யாரக் கேட்டுத் திருப்புனீங்க?"
"சீட்டுல யார் பேர் இருக்கு, கர்ட்?"
நாளை முதல் நானும் ரோண்டாவும் உட்காருகிறோம், மீதி இரண்டு இடத்துக்கு யார் என்று நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றேன்.

நவம்பர் 16
வடமேற்குக் காற்று. நாங்கள் இருவர் மட்டும். ஐந்து வாத்துகள் கிடைத்தன. கால்களை நீட்டி, நேரே எங்கள் முகத்துக்கு வந்தன.

நவம்பர் 22
டாரன் காலையில் படகருகே நின்றான். "எனக்கு எடம் இருக்கா?" ஓரத்து இருக்கையைக் காட்டினேன். மூன்று சுட்டான், மூன்றும் தவறின. ரோண்டா சொன்னாள்: "இந்த வருஷம் வாத்தே சரியில்ல."