கவிழ்த்துப் பிடித்த அட்டை

மே 27
ஹெட்விக் பள்ளிப் படிப்பை முடித்து வெளியே ஓடிவரும் நாளில் கூட்டத்தில் அவள் எங்களைக் கண்டுபிடிக்க நாங்கள் தூக்கிப் பிடிக்கவேண்டிய சிறுவயதுப் பட அட்டை அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. படத்தைத் தேர்ந்தெடுத்தது என் மனைவி மரித். இரண்டு வயது ஹெட்விக், தலையில் பால் காய்ச்சும் பாத்திரம். மகள் பார்த்தால் கொன்றுவிடுவாள். "அதுக்குத்தானே இதை எடுத்தேன்" என்று சிரித்தாள். சிரித்ததும் இருமல்.

மே 29
மரித் கோடை முடியும்வரை இருப்பாளா என்று சொல்ல முடியாதாம். டாக்டர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

மே 31
இருபத்தாறு வருடமாகக் கல்மார் நகரில் ஊரார் கல்யாணங்களைப் படம் எடுத்துத் தள்ளுகிறேன். என் மனைவியும் மகளும் சேர்ந்திருக்கும் நல்ல படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் தேதி பள்ளி வாசலில் ஒரே படத்தில் இரண்டு முகமும் வேண்டும் – ஓடிவருகிறவளும் காத்திருக்கிறவளும்.

ஜூன் 3
உச்சி வெயிலில் பள்ளி வாசலுக்குப் போய் அளந்து பார்த்தேன். மருந்தின் காரணமாக மரித் வெயிலில் இருக்கக் கூடாது. சக்கர நாற்காலி மரத்தடியில்தான். ஹெட்விக் வெயிலில், தலையில் படிப்பு முடித்தவர்கள் அணியும் வெள்ளைத் தொப்பி. தொப்பிக்கு ஒளியை அளந்து வைத்தால் மரித் கரிக்கட்டை. மரித்துக்கு வைத்தால் தொப்பியோடு மகளின் முகமும் வெளுத்துவிடும். வெளுத்ததை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. ஃபிளாஷ்? மரித்தின் கண் தாங்காது.

மரித்தின் தம்பி ஹோகனை நாற்காலியில் உட்காரவைத்துப் பார்த்தேன். "மாப்ளே, இந்த மூஞ்சிக்கு எந்த வெளிச்சம் போட்டாலும் இவ்வளவுதான்" என்றான். விளையாட்டாக அட்டையைக் கவிழ்த்து வெயிலில் நீட்டினேன். வெள்ளையான பின்பக்கத்தில் பட்ட வெயில் அவன் முகத்தில் ஏறியது. அடடா! இரண்டும் சரியாகிவிட்டது.

ஜூன் 4
மரித்திடம் சொன்னேன். "என்னை அழகா எல்லாம் எடுக்க வேணாம். அவ ஓடி வர்றதை நான் பாத்தாப் போதும்" என்றாள்.

ஜூன் 5
என்ன காரியம் செய்துவிட்டேன்.

கதவு திறந்தது. விசில், கூச்சல். சுற்றிலும் எல்லோர் கையிலும் குழந்தைப் படங்கள் உயர்ந்தன. ஹோகனும் அட்டையைத் தூக்கினான். நான் கத்தினேன்: "கீழே, கீழே! வெள்ளைப் பக்கம் மேலே!"

"புள்ள தேடும், மாப்ளே."

"ஒரே ஒரு நிமிஷம்டா!"

குனிந்து பிடித்தான். படம் மண்ணைப் பார்த்தது. ஹெட்விக் படியில் நின்றாள். எடுத்தேன். மரித் கையை உயர்த்திக் கூப்பிட்டாள், குரல் வரவில்லை. ஹெட்விக் கூட்டத்தில் எங்களைக் காணாமல் எங்களைத் தாண்டிப் பார்த்தாள், மறுபக்கம் ஓடிவிட்டாள். ஹோகன் அவளைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தபோது, மயங்கிச் சாய்ந்துவிட்ட மரித்தை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

ஹெட்விக்குக்காக வாங்கி வைத்த ஸ்ட்ராபெரி கேக்கை யாரும் வெட்டவில்லை.

ஜூன் 6
படத்தைப் பார்த்தேன். தொப்பியின் நூல் தெரிகிறது. மரித்தின் கண்ணிமை தெரிகிறது. இவ்வளவு சரியாக நான் எடுத்ததே இல்லை. மகளின் முகம் மட்டும் வேறு பக்கம் திரும்பி, வாய் திறந்து, தேடிக்கொண்டிருக்கிறது. கண்ணில் பயம். இதற்குத்தானா அளந்தேன்?

ஜூன் 8
ஹெட்விக் இன்றுதான் பேசினாள்.

"எல்லாருக்கும் அவங்கவங்க படம் இருந்துச்சு. என் படம் எங்கேயும் இல்ல. அம்மா செத்துட்டாங்க, அதான் யாரும் வரலைன்னு நினைச்சேன்."

"உங்க ரெண்டு பேரையும் சேர்த்து எடுக்கத்தான்..."

"நீ எடுத்துக்கோ, அப்பா. எனக்கு வேணாம்."

ஜூலை 11
மரித் போய்விட்டாள். காலை பத்து மணி. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 25
ஹெட்விக் உப்சாலாவுக்குப் படிக்கப் போய்விட்டாள். ரயிலில் ஏறியவள் ஜன்னல் பக்கம் வரவில்லை. வரவேண்டும் என்று நான் எப்படி எதிர்பார்க்க முடியும்?

செப்டம்பர் 14
பகல் பன்னிரண்டு மணி ரயிலில் வருவதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். நடைமேடை முழுக்க வெயில், என்னைத் தவிர எல்லோரும் கூரைக்கடியில். ரயில் நின்றதும் அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தேன், படம் அவள் பக்கமாக.

கடைசிப் பெட்டியிலிருந்து இறங்கினாள். பார்த்துவிட்டாள்.

"ஐயோ அப்பா, எறக்கு! தலையில பாத்திரம் வேற! எல்லாரும் பாக்குறாங்க!"

நான் இறக்கவில்லை. அழுதுகொண்டே நேராக என்னிடம் வந்தாள்.