தோணி ஓடாத மாத வாடகை

தூத்துக்குடி,
ஆகஸ்ட் 1948

கர்த்தருக்குள் அன்பான மகன் சுந்தரராஜுக்கு அம்மா எழுதிக்கொண்டது.

நான் குடியிருக்கிற இந்தச் சலாபத்து வளவைத் தாணுலிங்கம் வாங்கவில்லை, நீ வாங்கியிருக்கிறாய். இங்கே நான் தேவகிருபையால் சுகம், மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் பிடிக்கிறது. கொழும்பில் நீயும் மருமகள் தேவகனியும் குழந்தையும் சுகமாயிருப்பீர்கள், கட்டடம் வாங்குகிறவர்கள் சுகமாகத்தான் இருப்பார்கள். முதல் வரியை நான் கேள்வியாக எழுதவில்லை என்பதைக் கவனித்துக்கொள். கேள்வியாகக் கேட்டால் இல்லையம்மா என்று நாலு பக்கம் எழுதுவாய், நானும் பெற்ற மனதுக்கு நம்பித் தொலைப்பேன். அதனால் எனக்கு எப்படித் தெரிந்தது என்பதை எழுதிவிடுகிறேன், படித்த பிறகு உனக்கு மறுக்க ஏதாவது மிச்சம் இருந்தால் மறுத்துக்கொள்.

வீட்டுக்கார வன்னியபெருமாள் அண்ணாச்சி தை மாதம் காலமானதும் அவர் மகன்கள் பங்கு பிரிக்க முடியாமல் வளவை விற்றார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். கருப்பட்டித் தரகு பார்க்கிற தாணுலிங்கம் வாங்கியிருக்கிறார் என்றார்கள். மகள் கல்யாணத்துக்கு வாங்கின கடனையே இன்னும் கட்டிக்கொண்டிருக்கிற மனிதர் மாடிக் கட்டடம் வாங்குகிறார் என்றால் அது அவர் பணமாக இருக்காது, யாரோ ஒரு முதலாளிக்குப் பெயரை இரவல் கொடுத்திருக்கிறார் என்று அன்றைக்கே நினைத்தேன். ஆழத் துறைமுகம் வரப்போகிறது என்று பேச்சுக் கிளம்பியதிலிருந்து கடற்கரைப் பக்கத்தில் இடிந்த சுவருக்கும் விலை கேட்கிறார்கள். இந்த வளவு சலாபத்தில் முத்துக் குளிக்க வந்தவர்களைத் தங்கவைக்க எந்தக் காலத்திலோ கட்டியது, கடல் கல்லும் சுண்ணாம்பும், உப்புப் பூத்து உதிர்கிறது, உத்திரத்தில் கறையான். இதை வாங்குகிறவனுக்குச் சுவர் வேண்டாம், அடியில் இருக்கிற மண்தான் வேண்டும். சித்திரையில் ஒரு கொத்தனார் வந்து நாடா பிடித்து அளந்தான். கீழே கடைகளாம், மேலே வெளியூர் வியாபாரிகள் தங்குகிற லாட்ஜாம். என் அறை வாசலில் நின்று, 'டீச்சரம்மா, உங்க ரூமக் கடைசியிலதான் இடிக்கணும்னு உத்தரவு' என்றான். யார் உத்தரவு என்று கேட்டேன். மேலிடத்து உத்தரவு என்று சிரித்தான். தாணுலிங்கத்துக்கு மேலே ஏது இடம்?

பஞ்சாலையில் வேலை பார்க்கிற குடும்பம் மாடியில் எனக்கு எதிர் அறையில் இருந்ததே, அவர்களுக்குத் தாணுலிங்கம் ஏதோ பணம் கொடுத்துக் காலி செய்ய வைத்தார். அந்த அறை பூட்டியே கிடக்கிறது. ஊரில் ஒரு அறை கிடைக்காதா என்று ஜனங்கள் குழந்தைகளையும் பாத்திரங்களையும் வைத்துக்கொண்டு அலைகிறார்கள், எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் ஒரு கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார், இங்கே ஒரு அறை வாடகை வராமல் பூட்டிக் கிடக்கிறது. வாடகையை வேண்டாம் என்கிற வீட்டுக்காரனை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

இனி கீழ்வீட்டுச் சங்கதி. கீழே இருக்கிற நாலு குடும்பமும் தோணிக்காரர்கள் என்பதும் அவர்கள் வாடகை எப்படிக் கொடுப்பார்கள் என்பதும் உனக்குத் தெரியாததல்ல. கச்சான் காற்று பலத்ததும் தோணிகளைக் கட்டிப்போடுவார்கள், ஆவணி கடைசியில் காற்று தணிந்த பிறகுதான் கொழும்புக்குப் பாய் விரிப்பார்கள். நடை இல்லாவிட்டால் கூலி இல்லை. அந்த மாதங்களில் அண்ணாச்சி வாடகை கேட்கமாட்டார், தோணி ஓட ஆரம்பித்ததும் நடைக்கு நடை பழைய பாக்கியைச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருஷமும் தவறினதில்லை. இதற்குக் காகிதம் கிடையாது, யாரும் கேட்டதும் கிடையாது. இந்த வருஷம் தோணி கட்டினதும் கீழே இருக்கிற, தோணி நடத்துகிற தொம்மைத் தண்டல் பெண்சாதி பிலோமி, புது வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டே இருந்தாள். தாணுலிங்கம் வந்தார், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, 'ஏளா பிலோமி, இப்ப வாடக யாரு கேட்டா? தோணி ஓடட்டும், பெறவு பாத்துக்கிடலாம்' என்று சொல்லிவிட்டுப் போனார். பிலோமிக்குக் கண் கலங்கிவிட்டது. 'டீச்சரம்மா, இவரு அண்ணாச்சியவிட நல்ல மனுசம்லா, நாந்தான் வீணாப் பயந்துட்டேன்' என்றாள். மாதா கோயில் திருவிழாவில் தன் புருஷனுக்கு ஒரு மெழுகுவர்த்தியும் புது வீட்டுக்காரருக்கு ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்திவிட்டு வந்தாள். உனக்குத்தான் கொளுத்தியிருக்கிறாள், அவளுக்குத் தெரியாது.

அதே தாணுலிங்கம் மாதம் பிறந்ததும் என்னிடம் மாடியேறி வந்துவிடுவார். சம்பளம் இன்னும் வரவில்லை என்றாலும் போகமாட்டார். 'பாதியாவது குடுங்க டீச்சரம்மா, ரசீது போட்டுத் தாரேன், ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்' என்பார். மாதச் சம்பளம் வாங்குகிறவளிடம் கண்டிப்பு, கூலி இல்லாதவர்களிடம் தயவு, கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரசீது வாங்குவதில் எனக்கு என்ன நல்லது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வக்கீல் குமாஸ்தா ஞானையாவைப் பிடித்து, யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். 'கட்டடத்த இடிக்கணும், எந்திரிச்சுப் போன்னு சொன்னா ரெண்ட் கண்ட்ரோலர் ஆயிரம் கேள்வி கேப்பாரு டீச்சர். வாடக பாக்கின்னு சொல்லிப்பாருங்க, ஒரே கேள்விதான். குடுத்ததுக்கு ரசீது இருக்கா? இல்லன்னா சட்டி பானையத் தூக்க வேண்டியதுதான்.' நான் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி செய்த தயவையே எடுத்துக் கண்ணியாக மாட்டிவைத்திருக்கிறார்கள். கேட்காமல் இருந்தால் கொடுக்கமாட்டார்கள், கொடுக்காவிட்டால் பாக்கி, பாக்கி ஏறியதும் வழக்கு. என்னிடம் ரசீது இருக்கிறது, அதனால் வழக்கில் என் பெயர் வராது.

இந்தக் கண்ணியைத் தாணுலிங்கம் யோசித்துப் பிடித்தார் என்று நான் நம்பமாட்டேன். அவர் கருப்பட்டி உலகத்து மனிதர், கடலை எட்டிப் பார்க்காதவர், தோணி எந்த மாதம் கட்டுவார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. இந்த வளவில் தோணி ஓடாத மாதம் வாடகை கேட்கமாட்டார்கள் என்பது இங்கே பிறந்து வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். அந்த டீச்சரம்மாவை மட்டும் வழக்கில் இழுத்துவிடாதே என்று சொல்ல வேண்டிய அவசியமும் உலகத்தில் ஒருத்தனுக்குத்தான் இருக்கிறது. இன்னும் ஒன்று. ஊரில் யார் செத்தாலும் பிழைத்தாலும் விசாரிக்காத நீ, வைகாசியில் வந்த கடிதத்திலும் ஆனியில் வந்ததிலும், தொம்மை அண்ணன் தோணியைக் கட்டியாச்சா என்று கேட்டிருந்தாய். பிரியத்தில் கேட்கிறாய் என்று நினைத்து நான் அதைக் கீழே போய்ப் பிலோமிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெளிவாசலில் உட்கார்ந்திருந்த பெண்களையெல்லாம் கூப்பிட்டு, 'பாத்தியளா, கொழும்புல எம்புட்டுப் பெரிய கட வச்சாலும் எங்க சுந்தரு எங்கள மறக்கல' என்று சொன்னாள். அதை நினைத்தால் எனக்கு உன் முகத்தில் அறைய வேண்டும்போல் இருக்கிறது. கடல் நடுவில் இருக்கிறது, பிழைத்தாய்.

நான் சும்மா இருக்கவில்லை. கீழே நாலு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன், வாங்கினது நீ என்பதை மட்டும் சொல்லவில்லை. தொம்மைத் தண்டல் முதலில் நம்பவில்லை. 'எங்கள வெரட்டிட்டு இந்த உப்புச் செவர வச்சு என்ன செய்யப் போறான் டீச்சர், நக்கவா?' என்று சிரித்தார். பிறகு ஆளுக்கொரு நகையை, பிலோமி தன் காதில் கிடந்ததையே, அடகு வைத்து வாடகையைத் திரட்டிக்கொண்டு தாணுலிங்கத்திடம் போனார்கள். அவர் வாங்கவில்லை. என்ன அவசரம், தோணி ஓடட்டும் என்றார். பணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களிடமிருந்து அதை வாங்காத வீட்டுக்காரனைக் கண்டதும்தான் தொம்மைத் தண்டலுக்குச் சிரிப்பு நின்றது. ஞானையா சொல்லிக்கொடுத்தபடி மணியார்டரில் அனுப்பினோம், வாங்க மறுத்துவிட்டார் என்று தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்தார். அந்தத் துண்டுகளை நான் என் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், வழக்கு என்று வந்தால் நானே கொண்டுபோய் வைப்பேன், ஞானையாவும் சாட்சிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். இந்த மாதம் தாணுலிங்கம் மாடியேறி வந்தபோது வாடகை கிடையாது, வழக்கில் என் பெயரும் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு வியர்த்துவிட்டது. 'நீங்க இப்படிச் செய்யக்கூடாது டீச்சரம்மா, எனக்குத்தான் ஏச்சு கெடைக்கும்' என்றார். யாரிடம் ஏச்சு என்று கேட்டேன். மடமடவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

நீ இதை ஏன் செய்தாய் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. சிலோனில் புதுச் சட்டம் வருகிறது, நாளைக்கே நம்மை வெளியே போ என்று சொல்லிவிடுவார்கள், சேர்த்ததைச் சொந்த ஊரில் போட்டுவைக்க வேண்டும் என்று பங்குனியில் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைப் படித்து உனக்காக அழுதேன். உழைத்துச் சாப்பிடுகிற இடத்திலிருந்து கிளப்பிவிடுவார்களோ என்ற பயம் இன்னது என்று தெரிந்தவன், அதே பயத்தை எடுத்துக்கொண்டு வந்து பிலோமி அடுப்படியில் வைக்கிறாய். உன் அப்பாவுக்கு இந்த ஊரில் வீடு தர முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்ன தெருக்களை எனக்குத் தெரியும், பனையேறிச் சாதிக்கு மாடி கேட்குதோ என்று கேட்டார்கள். இப்போது நம் ஆட்களிடம் நாலு காசு சேர்ந்துவிட்டது, அந்தத் தெருக்காரர்களிடம் படித்ததை அப்படியே திருப்பி ஒப்பிக்கிறோம். கோயிலில் முதல் பெஞ்சில் உட்காருகிற எத்தனையோ பேர் இப்படித்தான் மாடி கட்டியிருக்கிறார்கள், அவர்களைப் பார்த்து நான் பேசின பேச்செல்லாம் என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டது.

கட்டாதே என்று நான் சொல்லவில்லை, இந்தச் சுவர் இன்னும் இரண்டு அடைமழை தாங்காது, யாராவது ஒருவர் இடிக்கத்தான் வேண்டும். ஆனால் நீ எந்த விலைக்கு வாங்கினாய் என்று யோசித்துப்பார். ஆள் குடியிருக்கிற வீடு என்பதால் மலிவாகக் கிடைத்தது. காலி மனை ஆக்கினால் விலை கூடும். அந்த வித்தியாசம்தான் உன் லாபம், அது கல்லிலிருந்தும் சுண்ணாம்பிலிருந்தும் வரவில்லை, அந்த நாலு குடும்பத்தையும் தெருவில் இறக்குவதிலிருந்து வருகிறது. முதலில் தாணுலிங்கத்துக்குத் தந்தி அடித்து எல்லோரிடமும் வாடகையை வாங்கி ரசீது கொடுக்கச் சொல். சிமெண்டுக்குப் பெர்மிட் கிடைத்து வேலை தொடங்கும்போது கடைகளுக்குப் பின்னால் நாலு வீடு கட்டி இவர்களுக்கே இதே வாடகைக்குக் கொடு. லாபம் குறையும் என்று உன் மாமனார் சொல்வார், குறையட்டும். இந்தக் கடிதம் கிடைத்தும் நீ அப்படிச் செய்யவில்லை என்றால், தோணி பாய் விரிக்கிற அன்றைக்கு வளவின் நடுவில் நின்று வாங்கினவன் பெயரை நானே சொல்வேன். அதன் பிறகு பிலோமி முகத்தில் நான் எப்படி விழிப்பது என்பது என் கஷ்டம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குழந்தைக்குச் சளி விடவில்லை என்று தேவகனி எழுதியிருந்தாள், கொழும்பு ஈரத்தில் தலைக்கு ஊற்றிவிட்டு வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று சொல், கற்பூரவள்ளிச் சாறு கொஞ்சம் போதும். நீ ராத்திரிச் சாப்பாட்டைக் கடையிலேயே முடித்துக்கொள்ளாதே, வயிறு கெட்டுவிடும். பிலோமி உனக்கென்று வாளைக் கருவாடு கட்டிக் கொடுத்திருக்கிறாள், மூலையில் கிடக்கிறது, அறை முழுக்க வாடை, அதை உனக்கு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. கர்த்தர் உன்னையும் உன் பெண்சாதி பிள்ளையையும் காப்பாராக. நீ குடியிருக்கிற இடத்திலிருந்து உன்னை ஒருவனும் கிளப்பாதிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், கோபத்திலும் அதை நான் நிறுத்தவில்லை.

இப்படிக்கு,
இந்த மாதம் முதல் உனக்கு வாடகை பாக்கி வைத்திருக்கும் உன் அம்மா,
ஜெயபாய்

இதையும் எழுதிவிடுகிறேன். யுத்த நாளில் கப்பலில் இடம் கிடைக்காமல் நீ அழுதுகொண்டு நின்றபோது, சோறு வடிக்கத் தெரியாத உன்னைத் தோணியில் சமைக்கிற பண்டாரி என்று பெயர் கொடுத்துத் தொம்மைத் தண்டல் தன் தோணியில் கொழும்புக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றிப்போகிற கூலி என்ன என்று நான் கேட்டதற்கு, 'இப்ப யாரு கேட்டா டீச்சர்? பயல் சம்பாதிக்கட்டும், பெறவு பாத்துக்கிடலாம்' என்றார். அதைக் கொடுத்துவிட்டாயா என்று முன்னே இரண்டு கடிதத்தில் கேட்டேன். குழந்தைக்குப் பல் முளைத்ததை எழுதினாய், அங்கே மழை பெய்ததை எழுதினாய், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. கொடுத்தாயா, எந்த மாதம் கொடுத்தாய்? கொடுத்திருந்தால் ரசீதை அனுப்பு.