ஜீலோங்கின் ஒன்பது பேர்

ஒக்டோபர் 13, 2024, ஞாயிறு

கலிபோர்னியாவிலிருந்து மகள் மயூரா போன் எடுத்தாள். அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கான வாக்குச்சீட்டு தபாலில் வந்து நாலைந்து நாளாகக் குசினி மேசையில் கிடக்கிறதாம். இன்னும் நிரப்பவில்லை.

"போட்டாலும் ஒண்டுதான் அப்பா, போடாட்டிலும் ஒண்டுதான். எங்கட ஸ்டேட் ஆருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும்."

எனக்குப் பொறுக்கவில்லை. அரை மணி நேரம் கத்தினேன். 2016இல் ஏறக்குறைய மூன்று மில்லியன் வாக்குகள் கூட எடுத்த பெண் தோற்றுப்போன கதையை மறுபடி சொன்னேன். மாநிலத்துக்கு இத்தனை புள்ளி என்று வைத்திருக்கிறார்கள். ஒரு மாநிலத்தைச் சொற்ப வாக்கால் பிடித்தாலும் அநேகமாக அதன் புள்ளி முழுவதும் பிடித்தவருக்கே போகும். கடைசியில் சனங்களின் வாக்கைக் கூட்டிப் பார்ப்பதே இல்லை. இது என்ன தேர்தல்? சந்தையில் கத்தரிக்காய் விற்பவனும் இப்படி நிறுக்க மாட்டான்.

"எட்டு வருசமா இதைத்தான் சொல்லுறீங்கள்," என்று மயூரா போனை வைத்துவிட்டாள்.

மனைவி யோகா பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அமெரிக்காவை விடுங்கோ. இந்த முறை நான் சங்கத் தலைவருக்கு நிக்கப் போறன்."

முப்பத்தொரு வருடமாக எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் ஒவ்வொரு விழாவுக்கும் ரோல்ஸ் பலகாரம் சுற்றியவள். நாங்கள் ஊரில் படித்தது ஆண் பெண் கலவன் பாடசாலை, ஆனால் மெல்பேர்ண் கிளையில் இதுவரை ஒரு பெண் தலைவர் இல்லை. போன தலைவர்கள் பாடசாலை வாசலுக்கு வளைவு கட்டினார்கள், பிறகு அந்த வளைவுக்கு லைற் போட்டார்கள். பெண் பிள்ளைகளின் விடுதி மழைக்கு ஒழுகுகிறது. அந்தக் கூரைதான் யோகாவுக்கு வேண்டும்.

நல்ல விசயம் என்று சொன்னேன். உண்மையாகவே சந்தோசமாக இருந்தது.

ஒக்டோபர் 15

சங்கத்தின் மூத்த உறுப்பினர் இரத்தினசிங்கம் அண்ணையும் தலைவருக்கு மனுக் கொடுத்திருக்கிறார். சங்கத்தின் வரலாற்றில் முதல் போட்டி. இதுவரை ஒருவர் பெயரைச் சொல்ல, எல்லாரும் கை உயர்த்த, மாலை போட்டு முடித்துவிடுவோம்.

தேர்தல் அலுவலர் நான்தான். மனைவி நிற்கிறாள், வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். அண்ணை கேட்கவில்லை. "இந்திரன், நீர் நேர்மையான ஆள். அதோட யாப்பை வாசிச்ச ஆளும் நீர் ஒருத்தர்தானே." வாசித்தது மட்டுமா, சங்கத்தின் விதிகள் அடங்கிய அந்த யாப்பை எழுதினதும் நானே.

ஒக்டோபர் 20, ஞாயிறு

வாக்குச்சீட்டு அடிப்பதற்கு முன் யாப்பை எடுத்துப் பார்த்தேன். விதி பதினொன்று.

மூன்று தடவை வாசித்தேன். பிறகு வெளியே போய்க் குப்பைத் தொட்டியை வீதிக்கு இழுத்துவிட்டு வந்து நாலாம் தடவை வாசித்தேன். குப்பை எடுப்பது புதன்கிழமை.

2012இல் எழுதியது. அப்போது மேற்கில் வெரிபிக்காரரும் தூரத்து ஜீலோங்காரரும் பிரிந்து போகப் போகிறோம் என்று நின்றார்கள். எல்லாம் தென்கிழக்கில் ஸ்பிரிங்வேலிலேயே நடக்கிறது, எங்களை ஆர் கணக்கெடுக்கிறது என்று கோபம். நான் அப்போதுதான் மயூராவிடம் போய்விட்டு வந்திருந்தேன். மேசையில் தட்டிச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "அமெரிக்காக்காரன் இதுக்கு எப்பவோ வழி கண்டிட்டான்." பகுதிக்குப் புள்ளி. தென்கிழக்குக்கு ஐந்து, மேற்குக்கு மூன்று, வடக்குக்கு இரண்டு, ஜீலோங்குக்கு ஒன்று. ஒரு பகுதியில் கூட வாக்கு எடுப்பவருக்கு அந்தப் பகுதியின் புள்ளி முழுவதும். ஆறு புள்ளி எடுப்பவர் தலைவர்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருவரும் பிரியவில்லை. போட்டியே வராததால் பன்னிரண்டு வருடமாக அந்த விதிக்கு வேலையும் வரவில்லை. எனக்கு மறந்தே போய்விட்டது. 2016இலிருந்து ஒவ்வொரு பிறந்தநாள் வீட்டிலும் கோப்பையும் கையுமாக நின்று நான் திட்டினது என் கையெழுத்தைத்தான்.

ஒக்டோபர் 21

முறைப்படி இரண்டு வேட்பாளருக்கும் யாப்பை ஈமெயிலில் அனுப்பினேன். யோகா திறக்கவில்லை. "நீங்கள் எழுதினதுதானே, நான் ஏன் வாசிக்க?"

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? எங்கள் தென்கிழக்கில், மல்கிரேவிலும் ஸ்பிரிங்வேலிலும், பாதிச் சனத்துக்கு மேல் இருக்கிறது, எப்படியும் வெல்லுவாள் என்று நினைத்தேன். இல்லை, அது பொய். திட்டித் திரிந்த விதி என்னுடையதே என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஒக்டோபர் 24

எங்கள் நகர கவுன்சில் தேர்தலுக்கான தபால் வாக்கை நிரப்பினேன். ஒன்பது வேட்பாளருக்கும் விருப்ப வரிசையில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம். ஒரு கட்டத்தையும் வெறுமையாக விடவில்லை. இந்த நாட்டில் எவ்வளவு ஒழுங்கு என்று யோகாவிடம் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

நவம்பர் 2, சனி

ஸ்பிரிங்வேல் மீன்கடையில் இரத்தினசிங்கம் அண்ணை. "நேற்று ஜீலோங் போட்டு வந்தனான். நாளைக்கு வடக்கில எப்பிங். சனத்தைப் பாத்துக் கனகாலம்," என்று சிரித்தார். அவர் யாப்பை வாசித்துவிட்டார்.

வாங்கின மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்து, திரும்பப் போய் எடுத்தேன்.

நவம்பர் 6, புதன்

அமெரிக்க முடிவு பார்ப்பதற்காகவே இன்று லீவு எடுத்திருந்தேன். காலையிலிருந்து ரீவிக்கு முன்னால்தான். ஏழு மாநிலத்தைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். மற்ற மாநிலங்களில் சனம் இருக்கிறதா இல்லையா?

பத்து மணிபோல யோகா கார்த் திறப்போடு வந்து நின்றாள். "லீவுதானே, ஜீலோங்குக்கு ஒருக்காப் போட்டு வருவமோ? அங்க ஒன்பது பேர் இருக்கினம். ஒருத்தரையும் நான் போய்ப் பாக்கேல்லை. மரியாதையா இருக்காது."

"ஒன்பது பேருக்காக ஒண்டரை மணித்தியாலம் ஓடுறதோ? நான் தேர்தல் அலுவலர், உம்மோட வரவும் கூடாது."

அவள் தனியே அந்தப் பெருந்தெருவில் ஓட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். திறப்பை ஆணியில் கொழுவிவிட்டுப் போனாள். போயிருந்தால் ஏன் அந்த ஒன்பது பேர் முக்கியம் என்று வழியில் சொல்ல வேண்டி வந்திருக்கும். பயந்துவிட்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் மயூரா எடுத்தாள். கடைசி நாளில் வாக்கைப் போட்டாளாம், எனக்காக. 2016இல் வென்ற அதே ஆள் இந்த முறை புள்ளியிலும் முந்தி, வாக்கிலும் முந்தித்தான் வென்றிருக்கிறார், இனி என்ன சொல்லுறீங்கள் என்று கேலி செய்தாள். பிறகு குரல் மாறிச் சொன்னாள்: "ஆனா அப்பா, பென்சில்வேனியாவில கட்சிக்காரர் ஒவ்வொரு கதவையும் தட்டினவை. எங்கட தெருவுக்கு ஒருத்தரும் வரேல்லை. அதுதான் எனக்குக் கோவம்."

நான் ஆணியில் கிடந்த திறப்பைப் பார்த்துக்கொண்டு ஓம் ஓம் என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

ஸ்பிரிங்வேல் மண்டபம். நாலு பகுதிக்கு நாலு நிறத்தில் சீட்டு அடித்திருந்தேன். நிறம் ஏன் என்று கேட்டவர்களுக்கு "எண்ண வசதி" என்று சொன்னேன். ஜீலோங்காரர் ஒரே வான் வண்டியில் ஒன்பது பேரும் வந்தார்கள். ரோஸ் நிறச் சீட்டு.

செயலாளர் பிரஷாந்தனும் நானும் எண்ணினோம்.

தென்கிழக்கு: யோகா 118, அண்ணை 31.
மேற்கு: 22, 24.
வடக்கு: 15, 17.
ஜீலோங்: 4, 5.

ரோஸ் சீட்டை மட்டும் நான்கு தடவை எண்ணினேன். பிரஷாந்தன் என் கையைப் பிடித்து, "அங்கிள், எத்தின தரம் எண்ணினாலும் ஒன்பதுதான்," என்றான்.

மேடையில் ஏறி முதலில் மொத்த வாக்கை வாசித்தேன். மடையன். யோகா 159, இரத்தினசிங்கம் 77. மண்டபம் எழும்பிக் கைதட்டியது. யாரோ மாலையைக் கொண்டு போய் யோகாவின் கழுத்தில் போட்டுவிட்டார்கள். அவள் அழுதுகொண்டு சிரித்தாள். அப்போது நான் ஒலிவாங்கியில், "தயவுசெய்து இருங்கோ, இன்னும் முடியேல்லை," என்றேன். விதி பதினொன்றை வாசித்தேன். புள்ளியில் ஐந்துக்கு ஆறு. தலைவர் இரத்தினசிங்கம்.

மாலையை யோகாவே கழற்றினாள். நடந்து போய் அண்ணையின் கையில் கொடுத்தாள். கழுத்தில் போடவில்லை.

நவம்பர் 18

காலையில் யோகா யாப்பு முழுவதையும் அச்சடித்து, வாசித்து, மேசையில் வைத்திருந்தாள்.

"தெரிஞ்சுதான் இருந்தனீங்களோ?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"ஒக்டோபர் இருவது."

"ஜீலோங்குக்குக் கூப்பிட்டனான்." யாப்பை என் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். ஏசியிருக்கலாம். கோப்பையை எறிந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கு ஜீலோங்கில், ஒரு ஆளோட ஒரு பிளேன்ரீ குடிச்சிருந்தால் போதுமே! ஒரு பிளேன்ரீ! நான் என்ன மனுசன்?

நவம்பர் 30

இன்னும் தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள். உப்பு. திறப்பு. குப்பை.

டிசம்பர் 8

விதியை மாற்றும் தீர்மானம் எழுதத் தொடங்கினேன். நேரடி வாக்கு, கூட எடுத்தவர் தலைவர், ஒரே வரி. பிறகு விதி பத்தொன்பதைப் பார்த்தேன். யாப்பை மாற்ற நாலு பகுதியில் மூன்று சம்மதிக்க வேண்டும். இதையும் அமெரிக்காவிலிருந்துதான் கொண்டு வந்திருக்கிறேன். ஒன்றையும் விடவில்லை, அப்படியே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

மயூரா சொல்கிறாள், அங்கே கருத்துக் கேட்டால் பத்துக்கு ஆறு பேர் புள்ளி முறையை மாற்ற வேண்டும் என்கிறார்களாம். வருசக்கணக்காக அதே பதில்தான். ஆனால் மாற்றும் அதிகாரம் உள்ளவர்கள் எல்லாம் அந்த முறையால் வென்றவர்கள்.

அண்ணைக்கு எடுத்துச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "நல்ல யோசனைதான் இந்திரன். ஆனா இப்ப என்ன அவசரம்?"

மார்ச் 23, 2025, ஞாயிறு

விசேட பொதுக்கூட்டம். தென்கிழக்கு ஏகமனதாகச் சம்மதம். மற்ற மூன்றும் இல்லை. ஜீலோங் பெரியவர் ஒருவர் எழும்பிக் கேட்டார்: "இந்த விதி இல்லாட்டில் எங்கட வீட்டுக்கு ஆரும் வருவீங்களோ?" நான் கையிலிருந்த தாளைப் பார்த்தேன். யோகா மட்டும் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

விடுதிக்கு இந்த வருடமும் கூரை இல்லை. மைதானத்துக்கு ஸ்கோர் போர்ட் போகிறது.

மே 3, சனி

ஆஸ்திரேலியப் பொதுத் தேர்தல். பக்கத்துப் பாடசாலையில் வரிசையில் நின்று வாக்குப் போட்டோம். நான் வாசலில் விற்ற பாணும் சொசேஜும் வாங்கி வந்து நீட்டினேன். பாதியை முறித்து எடுத்துக்கொண்டு யோகா சொன்னாள்: "கார் எடுங்கோ. ஜீலோங் போவம்."

போனோம். மூன்று வீடு, மூன்று பிளேன்ரீ. அந்தப் பெரியவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சையாம். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக நாள் குறித்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பாட்டுப் போட்டாள். ஆறு மாதத்துக்குப் பிறகு.

ஓகஸ்ட் 17

சனி வெரிபி, ஞாயிறு எப்பிங். அடுத்த கிழமை திரும்ப ஜீலோங். நான் டிரைவர்.

செப்டெம்பர் 14

மேற்கும் வடக்கும் இப்போது யோகா சொன்னால் கேட்கும். என் தீர்மானத்தைத் திரும்பக் கையில் எடுத்தேன். இரண்டு பகுதிப் பொறுப்பாளரும் இந்த முறை சம்மதம் என்று வாயாலேயே சொல்லிவிட்டார்கள். யோகா வழிமொழிந்து கையெழுத்துப் போட்டாள். நவம்பர் கூட்டத்தில் தேர்தல் முடிந்த கையோடு எடுப்பதாக ஒழுங்கு. அமெரிக்காவில் முடியாததை மெல்பேர்ணில் செய்து காட்டுவோம் என்று மயூராவுக்குச் செய்தி போட்டேன்.

ஸ்பிரிங்வேலில்தான் ஒரு முணுமுணுப்பு. அண்ணை இந்த வருடம் விருந்து, விளையாட்டுப் போட்டி எல்லாவற்றையும் இங்கேயே வைத்தார். மீன்கடையில் ஒரு அன்ரி கேட்டா: "யோகா எங்களை மறந்திட்டாவோ?"

நவம்பர் 16, 2025, ஞாயிறு

திரும்பவும் அதே மண்டபம், அதே நாலு நிறம்.

தென்கிழக்கு: அண்ணை 84, யோகா 61. மற்ற மூன்றும் யோகாவுக்கு. மேற்கு 26க்கு 21, வடக்கு 18க்கு 15, ஜீலோங் 7க்கு 2.

கூட்டிப் பார்த்தேன். அண்ணைக்கு 122, யோகாவுக்கு 112. பிரஷாந்தன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். இந்த முறை மேடையில் புள்ளியை மட்டும் வாசித்தேன். விதிப்படி அது போதும்.

மாலையை ஜீலோங் பெரியவர் போட்டார், புதுக் கண்ணோடு. யோகா தலைவர் கதிரையில் இருந்தாள். விடுதிக் கூரையை முதல் வேலையாக அறிவித்தாள். நான் எல்லாருக்கும் முதல் கைதட்டினேன். முப்பத்திரண்டு வருடம் ரோல்ஸ் சுற்றியவள்.

அடுத்தது என் தீர்மானம். தாளோடு எழும்பினேன். அவள் தாளைப் பார்த்தாள், மண்டபத்தைப் பார்த்தாள்.

"நேரம் போட்டுது. சனம் பசியோட இருக்குது. இப்ப என்ன அவசரம்? கூரையைப் போட்டிட்டு அடுத்த வருசம் ஆறுதலாப் பாப்பம்."

இரத்தினசிங்கம் அண்ணை பின்வரிசையிலிருந்து ஏதோ சொல்ல எழும்பினார். அதற்குள் கதிரைகளை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மிஞ்சின ரோல்ஸ் தட்டத்தைக் காருக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். யோகா மாலையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள். மல்கிரேவ் திரும்பும்போது மயூரா எடுத்தாள்.

"அம்மா வெண்டிட்டாவோ?"

"ஓம்."

"சூப்பர்! எவ்வளவால அப்பா?"

யோகா என் பக்கம் திரும்பினாள்.

"ஆறுக்கு ஐஞ்சு," என்றேன்.